மேக்ஸிமா சொல்லும் விடை ஏன் புத்தகத்து விடை மாதிரி இல்லை?

தம்பி, பிறகு படிப்பவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு. பள்ளியில் ஜியோஜீப்ரா பழக்கம், கல்லூரி லேபில் மேக்ஸிமா என்ற குறியீட்டுக் கணித மென்பொருள். புகார் மூன்று. சைன் பெருக்கல் காஸ் என்பதைத் தொகையிட்டால் புத்தகத்தில் சைன் வர்க்கத்தில் பாதி, மேக்ஸிமாவில் மைனஸ் காஸ் வர்க்கத்தில் பாதி. ஒரு அணிக்கு மைனஸ் ஒன்று அடுக்குப் போட்டால் நேர்மாறு வராமல் வேறு எதுவோ வருகிறது. சமச்சீர் அணியின் ஐகன் மதிப்பு கேட்டால் கற்பனை எண் கலந்து அரைப் பக்கத்துக்கு ஓடுகிறது. கடைசியில், "எதை நம்புவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்றிலுமே மென்பொருள் தப்பு செய்யவில்லை. நீங்கள் மனதில் வைத்திருந்து சொல்லாமல் விட்ட ஒன்று ஒவ்வொன்றிலும் இருக்கிறது.

எந்த மென்பொருள் என்ற கேள்வியில் அதிக நேரம் போக்க வேண்டாம். மேக்ஸிமாவே போதும், காசும் கிடையாது. 1968-ல் எம்.ஐ.டி.யில் தொடங்கிய மேக்சைமாவின் வாரிசு அது. வில்லியம் ஷெல்ட்டர் 1982 முதல் 2001-ல் இறக்கும்வரை அதைப் பராமரித்தார், 1998-ல் ஜி.பி.எல். என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வெளியிட அனுமதியும் வாங்கினார். கேரளப் பள்ளிகளில் கைட் (அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனம்) தரும் லினக்ஸோடு வரும் ஜியோஜீப்ராவிலும் குறியீட்டுக் கணக்குக்கென்று ஒரு 'கேஸ்' சன்னல் உண்டு. அதன் அடியில் ஓடுவது ஜியாக் என்ற இயந்திரம், சின்னக் கணக்குகளுக்கு நன்றாகவே உதவும். பைத்தான் தெரிந்தவர்களுக்கு அதன் குறியீட்டுக் கணித நூலகமான சிம்பை. ஒன்றில் கிடைத்த விடையை இன்னொன்றில் சரிபார்க்கலாம் என்பதால் இரண்டு இருப்பது நல்லது.

கீழே கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதுகிறேன். அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள், பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் மேக்ஸிமாவுக்கு வேறு வேறு. வரி முடிவில் அரைப்புள்ளி, ஓட்டுவதற்கு ஷிஃப்ட்டும் என்டரும் சேர்த்து.

முதல் மாதத்தில் எல்லோரும் இடறும் இடங்கள் சில. ஒரு பெயரில் மதிப்பைப் போட்டு வைக்க முக்காற்புள்ளி, சமக்குறி அல்ல. சமக்குறி போட்டால் அது வெறும் சமன்பாடாக நிற்கும், எதுவும் சேமிக்கப்படாது. பெருக்கல் குறியை விடக்கூடாது. 2எக்ஸ் என்று ஒட்டி எழுதினால் பிழை காட்டும், அது பரவாயில்லை. எக்ஸ்(எக்ஸ்+1) என்று எழுதினால்தான் ஆபத்து: எக்ஸ் என்ற பெயரில் ஏதோ ஒரு சார்பு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் போய்விடும். பை வேண்டுமானால் சதவீதக் குறியோடு %பை, அடுக்குக்குறியின் ஈ வேண்டுமானால் %ஈ. வெறும் ஈ போட்டு அதன் எக்ஸ் அடுக்கைத் தொகையிட்டால் விடையின் கீழே 'லாக் ஈ' என்று ஒரு வகுத்தி ஒட்டிக்கொண்டு வரும். அதைப் பார்த்தாலே சதவீதக் குறி விட்டுப்போனது தெரிந்துவிடும். லாக் என்றால் இங்கே இயல் மடக்கைதான், பத்தின் அடிமானம் அல்ல. கோணம் ரேடியனில். சைன்(30) என்று போட்டுவிட்டு அரை வரவில்லையே என்று உட்காரக்கூடாது.

இனி தொகையீடு. வகுப்பில் சமாகலனம் என்று கேட்டாலும் தமிழ்ப் புத்தகத்தில் தொகையிடல் என்று படித்தாலும் கட்டளை 'இன்டக்ரேட்' ஒன்றுதான். இரண்டு உள்ளீடு கொடுத்தால் வரையறாத தொகை, நான்கு கொடுத்தால் எல்லையோடு.

உங்கள் முதல் புகார்: சைன் வர்க்கத்தில் பாதியிலிருந்து மைனஸ் காஸ் வர்க்கத்தில் பாதியைக் கழியுங்கள். சைன் வர்க்கமும் காஸ் வர்க்கமும் கூடி ஒன்று, அதில் பாதி, ஆக 1/2. வித்தியாசம் மாறிலி. வரையறாத தொகையில் மாறிலி எதுவும் இருக்கலாம் என்பதால் இரண்டும் சரி. மைனஸ் காஸ் 2எக்ஸ், அதில் கால் என்று மூன்றாவது புத்தகம் சொன்னாலும் அதுவும் சரிதான், வித்தியாசம் 1/4. மேக்ஸிமா 'கூட்டல் சி' போடாது, நீங்கள்தான் போட வேண்டும். அதேபோல 1/எக்ஸ்-க்கு வெறும் லாக் எக்ஸ் தரும், மட்டுக்குறி இருக்காது. வேண்டுமானால் 'லாகேப்ஸ்' என்ற சாவியை முன்னாலேயே 'ட்ரூ' ஆக்கிவிடுங்கள்.

ஆகவே இரண்டு விடையைக் கண்ணால் ஒப்பிடுவது வீண் வேலை. மேக்ஸிமா தந்த விடையை 'டிஃப்' கட்டளையால் வகையிட்டு, அதிலிருந்து கேள்வியில் இருந்த சார்பைக் கழித்து, 'ரேட்சிம்ப்' போடுங்கள். சுழி வந்தால் சரி. வராவிட்டால் உடனே தப்பு என்று முடிவு கட்ட வேண்டாம். சைன் காஸ் இருந்தால் 'ட்ரிக்சிம்ப்', வர்க்கமூலமும் மடக்கையும் இருந்தால் 'ரேட்கேன்' போட்டுப் பாருங்கள். அப்போதும் சுருங்காவிட்டால் எக்ஸுக்கு 0.7, 1.9 என்று ஒழுங்கற்ற இரண்டு எண்களைக் கொடுத்து மதிப்பு சுழியாகிறதா என்று பார்த்தால் போதும். 0, 1 மாதிரி எண்கள் வேண்டாம், அங்கே தப்பான விடையும் தற்செயலாகப் பொருந்திவிடும்.

அடுத்தது அது திருப்பிக் கேட்கும் கேள்விகள். உங்கள் ஊர்த் தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். மணக்கடவு அணைக்கட்டில் அளந்துதான் சிற்றூர்ப்புழைக்குத் தண்ணீர் வருகிறது. செவ்வக வடிவ அணைக்கட்டின் மேல் வழியும் நீரின் அளவுக்கான வாய்பாடு ஒரு சின்னத் தொகையீடுதான். நீர்மட்டத்திலிருந்து ஒய் ஆழத்தில் வேகம் 2 ஜி ஒய்-இன் வர்க்கமூலம் (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்), அதை அகலம் பி-யால் பெருக்கி, 0 முதல் ஹெச் வரை தொகையிட வேண்டும். அப்படியே கொடுத்தால் மேக்ஸிமா பாதியில் நின்று, ஹெச் நேர்மமா, எதிர்மமா, சுழியா என்று கேட்கும். நமக்கு உயரம் என்றால் நேர்மம்தான் என்பது சொல்லாமலே தெரியும், அதற்கு ஹெச் வெறும் எழுத்து. 'பாசிட்டிவ்' என்று அடித்து அரைப்புள்ளி போட்டால் மேலே போகும். அதைவிட, முன்னாலேயே அஸ்யூம்(ஹெச்>0, ஜி>0) என்று சொல்லிவிடுவது நல்லது. விடை: மூன்றில் இரண்டு, பெருக்கல் பி, பெருக்கல் 2ஜி-யின் வர்க்கமூலம், பெருக்கல் ஹெச்சின் 3/2 அடுக்கு. அகலம் 2 மீட்டர், மேலே வழியும் உயரம் 0.3 மீட்டர், ஜி 9.81 என்று போட்டால் வினாடிக்கு 0.97 கன மீட்டர். இது ஏட்டுக்கணக்கு. விளிம்பில் நீர்த்தாரை சுருங்குவதால் 0.62 போன்ற குணகத்தால் பெருக்க வேண்டும், ஏறக்குறைய 0.60 வரும், அதாவது 21 கியூசெக் (வினாடிக்குக் கன அடி).

இங்கேயே ஒன்று. தினசரி கியூசெக் அட்டவணை கையில் இருந்தால் அதற்கு இன்டக்ரேட் தேவையில்லை. ஒவ்வொரு நாளின் சராசரியையும் 86,400 ஆல் பெருக்கிக் கூட்டினால் கன அடி. 1970-ன் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. அது 725 கோடி கன அடி. 365 நாளுக்குப் பரப்பினால் ஏறக்குறைய 230 கியூசெக். குறியீட்டுத் தொகையீடு வாய்பாடு இருக்கும் இடத்துக்குத்தான்.

அஸ்யூம் சொன்னதை மேக்ஸிமா மறக்காது. அடுத்த கணக்கில் அதே எழுத்து எதிர்மமாக இருந்தால் பழைய நினைப்பில் தப்பாகச் சுருக்கும். முடிந்ததும் 'ஃபர்கெட்' போடுங்கள்.

இப்போது நான் மிகவும் பயப்படும் இடத்துக்கு வருகிறேன். 1/(2+காஸ் எக்ஸ்) என்ற சார்பை 0 முதல் 2பை வரை தொகையிட வேண்டும். வரையறாத தொகையை மட்டும் வாங்குங்கள். ஆர்க்டேனுக்குள் சைன் எக்ஸ் மேலே, வர்க்கமூலம் 3 பெருக்கல் (காஸ் எக்ஸ்+1) கீழே, வெளியே 2/√3. வகையிட்டுப் பாருங்கள், சுத்தமாகப் பொருந்தும். இதில் 2பை போட்டால் 0. 0 போட்டாலும் 0. கழித்தால் விடை 0.

இது நடக்கவே முடியாது. காஸ் எதுவாக இருந்தாலும் அந்தச் சார்பு 1/3-க்குக் கீழே இறங்காது, 1-க்கு மேலே ஏறாது. எனவே பரப்பு 2.09-க்கும் 6.28-க்கும் இடையில் இருந்தே ஆக வேண்டும். கோளாறு நடுவில், எக்ஸ் = பை என்ற இடத்தில். அங்கே காஸ் −1, வகுத்தி சுழி. ஆர்க்டேன் இடப்பக்கம் பை/2-க்கு ஏறி, வலப்பக்கம் மைனஸ் பை/2-க்கு விழுகிறது. வகையிட்டால் சரியாக வரும் சார்பு, ஆனால் நடுவில் ஒரு பள்ளம். பள்ளம் தாண்டி எல்லை போட்டால் நுண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம் நமக்குத் துணை வராது. 0 முதல் பை வரை தனியாக எடுத்து, பை-யை இடப்பக்கத்திலிருந்து 'லிமிட்' கட்டளையால் நெருங்கினால் பை/√3. மறுபாதியும் அதே. மொத்தம் 2பை/√3, அதாவது 3.6276. நான்கு உள்ளீடு கொடுத்து நேரடியாகக் கேட்டால் மேக்ஸிமா வேறு வழியில் போய் இதையே தரும். வரையறாத தொகையை வாங்கி நீங்களே எல்லை போடும்போதுதான் குழி. ஆர்க்டேன் உள்ள விடை வந்தால் 'பிளாட்2டி' போட்டு ஒருமுறை வரைந்து பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

கட்டளையை அப்படியே தொகைக்குறியோடு திருப்பித் தந்தால் என்ன அர்த்தம்? ஒன்று, பழகிய சார்புகளில் விடையே கிடையாது. அல்லது மேக்ஸிமாவுக்கு எட்டவில்லை. இது எது என்று முடிவு செய்யும் வழிமுறையை ராபர்ட் ரிஷ் 1969-ல் வெளியிட்டார், ஆனால் மேக்ஸிமாவில் அதன் ஒரு பகுதிதான் இருக்கிறது. எனவே திரும்பி வந்தது என்பதற்காக "விடை இல்லை" என்று ரெக்கார்டில் எழுதக்கூடாது. %ஈ-க்கு மைனஸ் எக்ஸ் வர்க்கம் அடுக்கில் உள்ள அந்தப் புகழ்பெற்ற சார்புக்கு 'இஆர்எஃப்' என்று ஒன்று வரும். அது பிழைச்செய்தி அல்ல, பிழைச் சார்பு என்றே பெயர் கொண்ட நேர்மையான விடை.

எண் மட்டும் போதுமென்றால் 'க்வாட்_க்யூஏஜிஎஸ்'. அதே சார்பை 0 முதல் 1 வரை கொடுத்தால் நான்கு எண் கொண்ட பட்டியல் வரும்: மதிப்பு 0.7468, பிழையின் மதிப்பீடு, சார்பை எத்தனை இடத்தில் கணக்கிட்டது (21), கடைசியில் ஒரு குறியீட்டெண். பலரும் முதல் எண்ணை எழுதிக்கொண்டு போய்விடுகிறார்கள். நான்காவது எண் 0 இல்லையென்றால் முதல் எண்ணுக்கு மதிப்பில்லை. மறுபடி இன்டக்ரேட்டுக்கு வந்தால், 1/எக்ஸ் வர்க்கத்தை −1 முதல் 1 வரை கேட்டால் விரிகிறது என்று சொல்லி மறுத்துவிடும், நல்லது. 1/எக்ஸ் கேட்டால் 0 தரும், ஆனால் மேலே 'பிரின்சிபல் வேல்யூ' என்று ஒரு வரி ஓடும். அந்த வரியைப் படிக்காமல் 0 எழுதினால் மதிப்பெண் போச்சு.

அணிகளுக்கு வருவோம். உங்கள் இரண்டாவது புகாரின் வேர் ஒரு புள்ளி. ஏ என்ற அணியின் நிரைகள் (1, 2), (3, 4) என்று வையுங்கள். மேட்ரிக்ஸ்([1,2],[3,4]) என்று கொடுத்து ஏ-யில் போடுங்கள். ஏ*ஏ என்று நட்சத்திரம் போட்டால் (1, 4), (9, 16) வரும். இது உறுப்புக்கு உறுப்பு பெருக்கல். ஏ . ஏ என்று புள்ளி போட்டால்தான் (7, 10), (15, 22), அதாவது நிஜமான அணிப்பெருக்கல். அடுக்கும் அப்படியே. ஒற்றைக் கூரைக்குறி போட்டு −1 என்றால் ஒவ்வொரு உறுப்புக்கும் தலைகீழ்: (1, 1/2), (1/3, 1/4). உங்களுக்கு வந்த 'எதுவோ' இதுதான். இரட்டைக் கூரைக்குறி ^^ போட்டால் நேர்மாறு (−2, 1), (3/2, −1/2). குழப்பமே வேண்டாமென்றால் 'இன்வெர்ட்' கட்டளை. கோபப்படவும் முடியாது, ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு வழக்கு: சிம்பையில் நட்சத்திரமே அணிப்பெருக்கல், பைத்தானின் எண்கணக்கு நூலகமான நம்பையின் வரிசைகளில் நட்சத்திரம் உறுப்புப் பெருக்கல். புது மென்பொருளைத் தொட்டதும் இந்த 2×2 அணியை இரண்டு முறை பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

இன்னொரு கண்ணி: பி என்ற பெயரில் ஏ-யைப் போட்டுவிட்டு பி-யின் ஓர் உறுப்பை மாற்றினால் ஏ-யும் மாறிவிடும். இரண்டும் ஒரே அணிக்கு இரண்டு பெயர். தனிப் பிரதி வேண்டுமானால் 'காப்பிமேட்ரிக்ஸ்'.

தசமப் புள்ளியை அணிக்குள் விடாதீர்கள். (1,2,3), (4,5,6), (7,8,9) என்ற அணியின் அணிக்கோவை சுழி, தரம் 2. மேக்ஸிமாவில் முழு எண்ணாகக் கொடுத்தால் 'டிடெர்மினன்ட்' சுழி என்றே சொல்லும், நேர்மாறு கேட்டால் சுழியால் வகுக்கிறாய் என்று மறுக்கும். இதையே நம்பை மாதிரி மிதவைப் புள்ளியில் கணக்கிடும் கருவியில் போட்டால் பெரும்பாலும் பத்தின் −16 அடுக்கு அளவில் ஒரு பொடி எண் வரும். காரணம், அது முதலில் பெரிய எண்ணான 7-ஐத் தேர்ந்து 1/7, 4/7 என்று வகுக்கிறது. இவை இரும எண்ணில் முடிவதில்லை, 53 பிட்டில் வெட்டித்தான் வைக்க முடியும். வெட்டிய துணுக்கு கடைசிவரை தொங்கிக்கொண்டு வருகிறது. அணிக்கோவை சுழியல்ல என்று அது நினைத்தால் இல்லாத நேர்மாற்றையும் கொடுத்துவிடும், உறுப்புகள் பத்தின் 15 அடுக்கு அளவில். அந்த மாதிரி எண்ணைப் பார்த்தாலே கையை எடுத்துவிடுங்கள். 0.1 வேண்டிய இடத்தில் 1/10 என்று கொடுங்கள். சிம்பையில் 1/2 என்று அடித்தாலும் பைத்தான் முந்திக்கொண்டு 0.5 ஆக்கிவிடும், அங்கே 'ரேஷனல்' என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

எழுத்து உள்ள அணி இன்னும் நுணுக்கம். (1, க), (க, 1) என்ற அணியின் தரம் கேட்டால் 2 என்று சொல்லும். க = 1 என்றால் தரம் 1 தானே? க = −1 என்றாலும் அப்படித்தான். மேக்ஸிமா பொதுவான நிலையை மட்டும் பார்க்கிறது, க வர்க்கம் 1 ஆக இருக்கலாம் என்பதை விட்டுவிடுகிறது. தேர்வில் "எந்த மதிப்புகளுக்குத் தீர்வு இல்லை" என்று கேட்பதே இந்த இடத்தைத்தான். எழுத்துள்ள அணிக்கு முதலில் அணிக்கோவையைக் கண்டு, 'ஃபேக்டர்' போட்டு, சுழியாக்கும் மதிப்புகளைத் தனியே எடுத்து, ஒவ்வொன்றையும் 'சப்ஸ்ட்' செய்து தரத்தை மறுபடி கேளுங்கள்.

மூன்றாவது புகார், ஐகன் மதிப்பு. 'ஐகன்வேல்யூஸ்' இரண்டு பட்டியல் தரும், முதலாவது மதிப்புகள், இரண்டாவது ஒவ்வொன்றும் எத்தனை முறை என்பது. நீங்கள் கேட்டது மாதிரி ஒரு சமச்சீர் அணி: (2,1,0), (1,3,1), (0,1,5). இதன் சிறப்புச் சமன்பாடு லாம்டாவில்: முப்படி − 10 இருபடி + 29 லாம்டா − 23 = 0. விகிதமுறு மூலம் கிடையாது, ஆனால் மெய்யான சமச்சீர் அணி என்பதால் மூன்று மூலமும் மெய்யெண்தான். மூன்றும் மெய், ஒன்றும் விகிதமுறு இல்லை என்ற நிலையில், மூலக்குறிகளால் எழுதப் புகுந்தால் கற்பனை எண்ணைத் தொடாமல் எழுதவே முடியாது. கணிதத்தின் குணம் அது. மேக்ஸிமா முப்படிச் சமன்பாட்டுக்கான கார்டானோ வழியில் எழுதியதால் ஐ வந்தது, கணக்கை முடித்தால் ஐ அடித்துக்கொண்டு போய்விடும். 'ஃப்ளோட்' போட்டால் பத்தின் −16 அளவில் ஒரு கற்பனைத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும், அது வெட்டுத்துணுக்குதான். இப்படிப்பட்ட இடத்தில் நேராக 'சார்பாலி' கட்டளையால் சிறப்புப் பல்லுறுப்பை எடுத்து, 'எக்ஸ்பேண்ட்' செய்து, 'ஆல்ரூட்ஸ்' போடுங்கள்: 1.3004, 3.2391, 5.4605. மூன்றையும் கூட்டினால் 10, மூலைவிட்டத்தின் கூடுதலும் 2+3+5 = 10. பெருக்கினால் 23, அணிக்கோவையும் 23. மனக்கணக்கில் முடியும் இந்தச் சோதனையை எந்த ஐகன் கணக்கிலும் விடக்கூடாது.

4×4-க்கு மேல் போனால் பொதுவான மூலவாய்பாடே இல்லை என்று ஏபெல் நிறுவியது உங்கள் பாடத்திலேயே வரும். அப்போது சில மூலங்கள் கிடைக்கவில்லை என்று மேக்ஸிமா சொன்னால் அதில் வியப்பில்லை, ஆல்ரூட்ஸ்தான் கதி. எல்லா உறுப்பும் வேறு வேறு எழுத்தாக 10×10 அணி கொடுத்து அணிக்கோவையை விரிக்கச் சொன்னால் 36,28,800 உறுப்புகள் வரும். கணினி தொங்கிவிட்டது என்று லேப் உதவியாளரிடம் சண்டைக்குப் போவதில் அர்த்தமில்லை. எண்ணாக்க முடிந்த எழுத்துகளை முதலிலேயே எண்ணாக்குங்கள். மீதியுள்ளது பின்னமாக வீங்கினால் 'ரேட்எம்எக்ஸ்' சாவியை ட்ரூ ஆக்கிவிட்டு ஓட்டுங்கள்.

கடைசியாக ரெக்கார்டு. காலையில் எக்ஸுக்கு 5 என்று போட்டது மதியம்வரை நினைவில் இருக்கும். அதன் பிறகு எக்ஸைப் பொறுத்துத் தொகையிடச் சொன்னால், மாறி இருக்க வேண்டிய இடத்தில் எண் இருக்கிறது என்று பிழை வரும். முதல் செல்லில் கில்(ஆல்), அடுத்ததில் அஸ்யூம் வரிகள், பிறகு கணக்கு. எல்லாம் முடிந்ததும் செல்களை மேலிருந்து கீழாக ஒருமுறை முழுக்க ஓட்டி, விடைகள் மாறாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு பிரிண்ட் எடுங்கள்.